மே மாதத்தில் ஹீட்டர்

பதவி உயர்வு வந்தால் பெண்கள் அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்பது எங்கள் வங்கியில் யாரும் எழுதி வைக்காத விதி. உயர்வோடு மாற்றலும் வரும், மாற்றல் என்றால் வெளியூர். தொண்ணூறுகளின் நடுவில், நாற்பத்தோரு வயதில், நான் பதவி உயர்வுப் பரீட்சையில் தேறியபோது கிளையில் எல்லோரும் வாழ்த்தினார்கள். வாழ்த்திய கையோடு, "எப்ப எழுதிக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டார்கள். குன்னூர் என்று உத்தரவு வந்தது. எழுதிக் கொடுத்தேன், சம்மதம் என்று.

மந்தைவெளியில் எங்கள் வீட்டில் அப்போது நானும் கணவரும் மட்டும்தான். மகன் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். கணவர் கல்லூரியில் வேதியியல் கற்பித்துவந்தார். உத்தரவை இரண்டு முறை படித்துவிட்டு, "அங்க குளிருமே, நல்ல ஸ்வெட்டரா ஒண்ணு வாங்கணும்" என்றார். அவர் சம்மதம் சொல்லும் விதம் அதுதான்.

சம்மதிக்காதவர் அவருடைய அண்ணன். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். தம்பிக்குச் சின்ன வயதிலேயே ஒரு கண்ணில் பார்வை மங்கிப்போனதால் அவருக்கான முடிவுகளையெல்லாம் தானே எடுத்துப் பழகியவர். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை.

"இவனுக்கு யார் சமைச்சுப் போடுவா?"

"எனக்கே சமைக்கத் தெரியும்ணா" என்றார் கணவர்.

"நீ சும்மா இரு." என் பக்கம் திரும்பினார். "அங்க ஆத்துல தனியா எப்படி இருப்பே?"

"கதவைச் சாத்திண்டு இருப்பேன்" என்றேன்.

"சரி, போறதுன்னு தீர்மானம் பண்ணிட்டே. ரயில்ல போ. அந்த வண்டிய வித்துடு."

"வண்டியிலதான் போகப் போறேன்."

அவர் சிரித்தார். சில வருஷங்கள் ஊட்டியில் வேலை பார்த்தவர் அவர். மலையைப் பற்றிப் பேசினால் மட்டும் குரலில் ஒரு நிதானம் வந்துவிடும். "மலைல பனி எறங்கித்துன்னா கண்ணாடில உள்பக்கமா ஆவி படியும். தொடைக்கத் தொடைக்கப் படியும். எதிரே லாரி வர்றது தெரியாது. சூடான காத்து கண்ணாடில பட்டாத்தான் அது போகும். அங்க வண்டி வெச்சிண்டிருக்கறவா ஹீட்டர் இல்லாம வெளியவே எடுக்க மாட்டா. உன் வண்டில ஹீட்டர் இருக்கோ?"

"இருக்கு."

"வேலை செய்யறதோ?"

எனக்குத் தெரியாது. மூன்று வருஷமாக அந்தக் காரை மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் தி.நகருக்கும் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முன் அதை வைத்திருந்தவர் பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். அங்கே குளிருக்காகப் போட்டுக்கொண்ட ஹீட்டர் அதில் இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட ஒரு லீவர். சென்னையில் அதை எதற்குத் தொடப்போகிறோம்? கணவரின் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "பாத்தியா" என்றார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்ன மற்றவை எதுவும் எனக்கு ஒரு பொருட்டில்லை. ஹீட்டரைப் பற்றிச் சொன்னது மட்டும் உண்மை. அதுதான் எரிச்சல். அவர் கையில் இருந்த அந்த ஒரே உண்மையையும் பிடுங்கிவிட்டுத்தான் குன்னூருக்குப் போவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மறுநாள் காலை கணவர் கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஒரு நீளமான தெர்மாமீட்டரைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். மே மாதம். எந்தக் காரில் எந்தத் துவாரத்திலிருந்து காற்று வந்தாலும் அது சூடாகத்தான் இருக்கும், கையை வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது என்பது அவர் கருத்து. எஞ்சினை ஓடவிட்டு, கடற்கரைச் சாலையில் ஒரு சுற்றுப் போய்வந்து, லீவரைச் சிவப்புப் பக்கம் கடைசிவரை தள்ளி, விசிறியைப் போட்டோம். முதலில் மூன்று வருஷத் தூசி என் முகத்தில் அடித்தது. பிறகு காற்று வந்தது. வெளியே முப்பத்து நான்கு டிகிரி. துவாரத்தில் முப்பத்தைந்து.

"ஒரு டிகிரி" என்றேன்.

"அது நீ கிட்ட மூச்சு விடறதால இருக்கும்" என்றார் அவர்.

லீவரைத் திரும்பத் தள்ளிப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். அது எதையும் இழுக்கவில்லை. வெண்ணெயில் கத்தி போவது மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலை வெளியே நீட்டி, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்துப் படுத்தேன். கணவர் டார்ச் பிடித்தார். லீவரிலிருந்து வந்த கம்பி நுனியில் பிடிப்பு விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அது பிடித்திருக்க வேண்டிய சின்ன வால்வு அதற்கு அரைச் சாண் தள்ளி மூடியபடி இருந்தது. கையாலேயே திருப்பித் திறந்தேன். எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சார், மாமிக்கு மயக்கமா?" என்று கேட்டார். "இல்ல, ரிப்பேர்" என்றார் கணவர். அதைவிடக் குறைவாக யாராலும் விளக்கியிருக்க முடியாது.

வால்வைத் திறந்த பிறகு மறுபடி ஒரு சுற்று. நாற்பத்திரண்டு டிகிரி. ஏதோ வருகிறது, ஆனால் வெதுவெதுப்புதான். குளிக்கக்கூடக் காணாது.

பழைய சொந்தக்காரர் கொடுத்திருந்த கையேட்டை அன்று வங்கிக்கு எடுத்துப்போய் உணவு இடைவேளையில் படித்தேன். ஹீட்டர் என்பது தனியாக ஒரு அடுப்பு அல்ல என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எஞ்சினைச் சுற்றிச் சூடாகிவரும் தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு சின்னப் பெட்டி வழியாக ஓடவிட்டு, அதன் மேல் விசிறியால் காற்றை அடிக்கிறார்கள். அவ்வளவுதான். அப்படியானால் காற்று சூடாகவில்லை என்றால் தண்ணீரே சூடாகவில்லை. அப்போதுதான் டேஷ்போர்டில் இருக்கும் சூட்டுமுள் நினைவுக்கு வந்தது. கடந்த இரண்டு வருஷத்தில் அது கால் பங்குக்கு மேல் ஏறி நான் பார்த்ததே இல்லை. வண்டி குளிர்ச்சியாக ஓடுகிறது என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

என் மெக்கானிக் சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தை ஒட்டிய ஒரு சந்தில் ஷெட் போட்டிருந்தார். கைராசிக்காரர், நேர்மையானவர். ஆனால் அவரிடம் எதையும் கேட்டுச் செய்யவைக்க முடியாது, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வரலாம். ஹீட்டர் என்றதும் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"இன்னாம்மா, மெட்ராஸ்ல போயி ஹீட்டரு இன்னாத்துக்கு? கண்ணாடிய எறக்கு, அதான் ஹீட்டரு."

"நான் குன்னூர் போறேன்."

"போ. சொட்டர் போட்டுக்க."

கம்பியின் பிடிப்பை மாட்டிக் கொடுத்தார். அதோடு முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டார். நான் நகரவில்லை. முள் ஏன் ஏறுவதில்லை என்று கேட்டேன்.

"ஏறலன்னா நல்லதுதானம்மா. ஏறுச்சினாதான் கஷ்டம்."

கையேட்டைப் பிரித்துப் படத்தைக் காட்டினேன். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில் தெர்மோஸ்டாட் என்று ஒரு கதவு. தண்ணீர் போதிய அளவு சூடாகும்வரை சாத்தியிருக்கும், சூடானதும் திறக்கும். "இது என் வண்டியில சரியா இருக்கா?"

அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அது இல்ல."

"இல்லன்னா?"

"கழட்டிட்டேன். நீ வண்டி வாங்கி ஒரு வருசம் ஆனப்போ வெயில்ல ஒரு தபா கொதிச்சிதுல்ல, அப்பவே கழட்டிக் கடாசிட்டேன். அப்பால எப்பனா கொதிச்சிதா?"

"யாரைக் கேட்டுக் கழட்டினீங்க?"

"யாரம்மா கேக்கணும்? மெட்ராஸ்ல எல்லா வண்டியிலயும் அதத்தான் பண்றது. தண்ணி பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கும், வண்டி ஜில்லுனு கீது. நல்லா ஓடிக்கினு கீற வண்டிய ஏன் நோண்டச் சொல்ற?"

என் கணவரின் அண்ணனும் இவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனால் இரண்டு பேரும் பேசியது ஒரே பேச்சாக என் காதில் விழுந்தது. எனக்கு எது வேண்டாம் என்பதை எனக்குத் தெரியாமலே தீர்மானித்து, கழற்றி, தூக்கிப் போட்டும் விடுகிறார்கள். பிறகு, அது இல்லாமல் நீ நன்றாகத்தானே இருக்கிறாய் என்கிறார்கள்.

"புதுசு வாங்கிண்டு வரேன். நீங்க மாட்டுங்க" என்றேன்.

"கொதிச்சா என்னைக் கேக்காத."

"கேக்க மாட்டேன்."

புதுப்பேட்டையில் நாலு கடை ஏறி இறங்கினேன். இரண்டு கடைகளில் எனக்குப் பின்னால் யாராவது ஆண்பிள்ளை வருகிறாரா என்று பார்த்தார்கள். மூன்றாவது கடைக்காரர் இந்தப் பொருளை வாங்க ஆள் வந்து வருஷக்கணக்காகிறது என்று மேல் தட்டில் ஏணி போட்டுத் தேடினார், கிடைக்கவில்லை. நாலாவது கடையில் கிடைத்தது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பித்தளைச் சாமான்.

பழைய சரக்கு, வேலை செய்யுமோ என்னவோ. மாலையில் சமையலறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அறுபது, எழுபது. அசையவில்லை. எண்பதைத் தாண்டியதும் நடுவிலிருந்த தட்டு மெல்ல எழுந்து வழிவிட்டது. அடுப்பை அணைத்தோம், மறுபடி சாத்திக்கொண்டது. நான் அதுவரை பார்த்த யந்திரங்களிலேயே அழகானது அதுதான் என்று தோன்றியது. தான் எப்போது திறக்க வேண்டும் என்று அதற்கே தெரிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து கணவரின் அண்ணா வந்து சமையலறை வாசலில் நின்றார். "என்ன கொதிக்கறது?"

"ஹீட்டருக்கு" என்றேன்.

தம்பியைப் பார்த்தார். தம்பி தெர்மாமீட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணா கூடத்துக்குப் போய்ப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

புதனன்று மெக்கானிக் அதை மாட்டிக் கொடுத்தார். அன்றைக்கே முள் நடுவுக்கு வந்தது. ஹீட்டரைத் தள்ளினேன், துவாரத்தில் கையை வைக்க முடியவில்லை. ஒரு நாள் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அடையாறில் ஒரு வேலை முடித்துத் திரும்பும்போது பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஏதோ பஸ் பழுது. அனல் காற்று. முள் நடுவைத் தாண்டியது. முக்கால் பங்குக்குப் போனது. சிவப்பைத் தொட்டது. பானெட் ஓரத்தில் மெல்லிய ஆவி. நான் முதலில் நினைத்தது எஞ்சினைப் பற்றி அல்ல. இரண்டு ஆண்கள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துகொண்டு "நான்தான் சொன்னேனே" என்று சொல்லப்போவதைத்தான்.

பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். ஓரங்கட்ட இடமில்லை. அப்போது கையேட்டில் இருந்த படம் கண்ணுக்கு முன் வந்தது. அந்தச் சின்னப் பெட்டி. தண்ணீரின் சூட்டை எடுத்துக் காற்றில் விடுகிற பெட்டி. ரேடியேட்டர் செய்வதும் அதேதானே? அப்படியானால் எனக்கு இன்னொரு ரேடியேட்டர் இருக்கிறது, உள்ளே, என் முழங்காலுக்கு முன்னால்.

லீவரைச் சிவப்புக்குத் தள்ளி, விசிறியை முழு வேகத்தில் போட்டேன். மே மாதம், பிற்பகல் மூன்று மணி, அடையாறு பாலம். உலைமூடியைத் திறந்ததுபோல் காற்று காலில் அடித்தது. நான்கு கண்ணாடிகளையும் இறக்கினேன். முள் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு சிவப்பை விட்டு இறங்கியது, நூல் நூலாக. பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்றவர் என் ஜன்னலிலிருந்து வரும் காற்றில் முகத்தைச் சுளித்து, "இன்னா மேடம், உள்ள அடுப்பு வெச்சிருக்கியா?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

முதுகுவழியாக வியர்வை ஓட, புடவை சீட்டோடு ஒட்ட, ஹீட்டரைப் போட்டபடியே மந்தைவெளிவரை ஓட்டிவந்தேன். வீட்டு வாசலில் இறங்கி உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். அழுகை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணவர் துண்டைக் கொடுத்துவிட்டு, "வண்டி கொதிக்கறதுக்குக் காரணம் அந்தத் தெர்மோஸ்டாட் கதவு இல்ல. அதுக்கு முன்னாடியே கொதிச்சிருக்கே. அதனாலதானே கழட்டினார்?" என்றார்.

இதை அப்படியே மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் ஸ்பேனரோடு தயாராக இருந்தார், மறுபடி கழற்றிவிட.

"அதைத் தொடாதீங்க. முதல்ல ஏன் கொதிச்சுதுன்னு பாருங்க. ரேடியேட்டரக் கழட்டுங்க."

"நான் சொன்னத..."

"நீங்க சொன்னது நடந்துது. ஒத்துக்கறேன். ரேடியேட்டரக் கழட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். மேல் மூடியை ரேடியேட்டர் கடையில் பிரித்து எடுத்தபோது கடைக்காரர், மெக்கானிக், நான் மூவரும் குனிந்து பார்த்தோம். உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்களில் பாதி வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. உப்பு. மூன்று வருஷமாக வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அதில் தண்ணீர் ஊற்றியது நான்தான். எங்கள் வீட்டுப் போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது என்று சமையலறையில் தினம் திட்டிய தண்ணீரை வண்டிக்கு மட்டும் கூசாமல் கொடுத்திருக்கிறேன்.

"இது என் தப்பு" என்றேன்.

மெக்கானிக் ஒரு கம்பியால் ஒரு குழாயைக் குத்திப் பார்த்தார். உதிர்ந்து விழுந்தது. "நானும் தொறந்து பாத்திருக்கணும்மா. கழட்டிப் போடறது ஈசியா இருந்துச்சி" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்து, மூடியைத் திரும்பப் பற்றவைத்து, நல்ல தண்ணீர் ஊற்றி, வண்டி திரும்பி வந்தது. அந்த வாரக் கடைசியில் அண்ணாவை நானே கூப்பிட்டேன். "வாங்கோ, ஒரு சுத்துப் போயிட்டு வரலாம்." வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். முன் சீட்டில் உட்கார்ந்து கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பகல் பன்னிரண்டு மணிக்கு நேரே தி.நகருக்கு விட்டேன். உஸ்மான் ரோட்டில் கல்யாணச் சாமான் வாங்க வந்த கூட்டம். வண்டி நடப்பவர்களைவிட மெதுவாக ஊர்ந்தது. ஹீட்டரைப் போடவில்லை. முள் நடுவில் நின்றது. பனகல் பார்க்கைச் சுற்றி வந்தும் அங்கேயே நின்றது. அவர் பார்வை முழுக்க அதன் மேல்தான்.

"இப்பப் பாருங்கோ" என்று கண்ணாடிகளை ஏற்றச் சொன்னேன். ஏற்றினார். லீவரைத் தள்ளினேன்.

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினார். நானும் நனைந்து போயிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே ஜனங்கள் குனிந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நிறுத்து என்று அவர் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன், அவர் சொல்லாமலிருந்தார். சிக்னல் ஒன்று, இன்னொன்று.

கடைசியில், "போறும்மா, நிறுத்து" என்றார். நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கிக்கொண்டு நீண்ட மூச்சு விட்டார். வீடு வந்தது. இறங்கும்போது, "எறக்கத்துல ரெண்டாவது கியர்லயே வா. பிரேக்கை மிதிச்சிண்டே வராதே" என்றார். என்னை மலைக்கு அனுப்பச் சம்மதித்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஜூனில் கிளம்பினோம். கணவருக்கு இன்னும் கோடை விடுமுறை மிச்சம் இருந்தது. மேட்டுப்பாளையம் தாண்டி ஏறத் தொடங்கியதும் மழை, அதற்கு மேலே பனி. பேசிக்கொண்டு வந்தவர்கள் பேச்சை நிறுத்தினோம், எங்கள் மூச்சே கண்ணாடியில் படிந்தது. லீவரைத் தள்ளினேன். கீழ்விளிம்பிலிருந்து ஒரு கையளவு தெளிந்தது, பிறகு இரண்டு கையளவு, பிறகு சாலை. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்து, நான் பின்னால் எடுக்க வேண்டி வந்தது. எடுத்தேன். அதை அண்ணாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஸ்வெட்டர் மேல் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு கிளைக்குப் போனேன். வாசலில் காவலர் என்னை நிறுத்தி வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சைக் காட்டினார்.

"உக்காருங்கம்மா. புது ஆபீசரு இன்னும் வரலைங்க. மெட்ராஸ்ல இருந்து கார்ல வர்றாருங்களாம்."

"வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு, கவுண்டருக்குப் பின்னால் போகும் சின்னக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.